குரோஷே காலுறை குதிகாலில் ஏற மறுக்கிறது: தவறு எங்கே?

கேள்வி

வணக்கம். கொக்கி ஊசி ஒன்றால் நூலைப் பின்னும் குரோஷே பழகத் தொடங்கி எனக்கு ஐந்து மாதம் ஆகிறது. கழுத்துத்துண்டு இரண்டும் குல்லாய் ஒன்றும் முடித்த துணிச்சலில், சென்ற மாதம் ஒரு ஜோடி காலுறை பின்னலாம் என்று இறங்கினேன். ‘தொடக்கநிலையினருக்கு’ என்று போட்டிருந்த ஒரு செய்முறையைப் பின்பற்றி, கால்விரல் முனையில் தொடங்கி மேல்நோக்கிப் போகும் விதத்தில், டி.கே. எனப்படும் நடுத்தரத் தடிமனுள்ள அக்ரிலிக் நூலும் 3.5 மி.மீ. ஊசியும் வைத்து, முழுவதும் சிங்கிள் குரோஷே என்னும் குட்டையான அடிப்படைப் பின்னலிலேயே ஒன்றைப் பின்னி முடித்தேன். என் பாதத்தின் சுற்றளவு 22 செ.மீ. காலுறை பாதத்தைவிடப் பத்து விழுக்காடு சிறியதாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும் என்று படித்திருந்ததால், 20 செ.மீ. வரும்படி சுற்றுக்கு 40 கண்ணிகள் (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி) வைத்தேன்.

இப்போது போட்டுப் பார்த்தால், விரல்களும் பாதத்தின் முன்பகுதியும் எளிதாக நுழைகின்றன. குதிகால் மட்டும் காலுறையின் கணுக்கால் பகுதியில் மாட்டிக்கொண்டு ஓர் அங்குலம்கூட நகர மறுக்கிறது. பலங்கொண்ட மட்டும் இழுத்ததில் விளிம்பில் ஓர் இழை அறுந்ததுதான் மிச்சம். துணியும் விறைப்பாக இருக்கிறது. மேசைமேல் நிறுத்தினால் ஒரு குவளையைப் போலத் தானாக நிற்கிறது.

பெரிய ஊசிக்கு மாறினால் மட்டும் போதுமா, அல்லது நூலையே மாற்ற வேண்டுமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. சுற்றின் தொடக்கத்தைக் காட்ட நான் மாட்டிவைத்த ஊக்கு, மேலே போகப் போக வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று. இடையில் கண்ணிகளை விட்டுவிட்டேனோ என்று மூன்று முறை எண்ணினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது.

பதில் 1

முதலில் ஊக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. துணியைத் திருப்பாமல் சுருளாகச் சுற்றிக்கொண்டே போகும்போது, வலக்கையால் பின்னுகிறவர்களுக்கு ஒவ்வொரு கண்ணியும் கீழே உள்ள கண்ணிக்குச் சற்றே வலப்புறமாக உட்காரும். ஒரு சுற்றில் இது கண்ணுக்குத் தெரியாது; முப்பது சுற்று ஆனபின் ஊக்கு பாதத்தின் பக்கவாட்டிலிருந்து மேற்புறத்திற்கே வந்துவிடும். ஆகவே பிறகு குதிகாலைப் பின்னிச் சேர்க்க எந்த இடத்தில் திறப்பு விடுவது என்பதை ஊக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரல் முனையைத் தட்டையாக மடித்து வைத்து, அந்த மடிப்புகளை அப்படியே மேலே கொண்டுவந்து, அங்கே புதிதாக அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் குதிகால் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். நீங்கள் படித்த ‘பத்து விழுக்காடு சிறியதாக’ என்ற அளவு, இரண்டு ஊசிகளாலோ இயந்திரத்தாலோ செய்யும் நிட்டிங் காலுறைக்கு உரியது. நாம் கடையில் வாங்கும் காலுறைகள் எல்லாமே அந்த வகைதான். நிட்டிங்கில் ஒரு கண்ணி கீழே உள்ள கண்ணிக்குள் கோத்துக்கொண்டு தளர்வாக நிற்பதால், இழுக்கும்போது அது தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டு அகலத்தில் விரிந்து கொடுக்கும். குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் கீழே உள்ளதோடும் பக்கத்தில் உள்ளதோடும் சேர்த்து முடிச்சுப் போட்டதுபோல் பூட்டிக்கொள்கிறது. விரிவதற்கு அதற்கு இடமில்லை. அதிலும் சிங்கிள் குரோஷே மிகவும் பிடிவாதமானது. கூடைக்கும் பொம்மைக்கும் அதுதான் சரியான பின்னல், காலுறைக்கு அன்று.

பாதத்தின் சுற்றளவை அளந்த நீங்கள், காலுறைக்குள் போக வேண்டிய மிகப் பெரிய சுற்றளவை அளக்கவில்லை. அளவு நாடாவைக் குதிகாலின் பின்முனையில் வைத்து, சாய்வாக மேலே ஏற்றி, பாதமும் கணுக்காலும் சேரும் மடிப்பின் வழியாகச் சுற்றிப் பாருங்கள். உங்கள் பாதம் 22 செ.மீ. என்றால் இது 30, 31 செ.மீ.க்குக் குறையாது என்று நினைக்கிறேன். காலுறை போடும்போது கணுக்கால் பகுதி ஒரு விநாடியாவது அந்த அளவுக்கு விரிந்தாக வேண்டும்.

விரியுமா என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். உங்கள் துணியில் 10 செ.மீ. நீளத்தை அளவுகோலின்மேல் வைத்து, சுற்று ஓடும் திசையிலேயே, நூல் நோகாத அளவுக்கு இழுத்து, அது எவ்வளவுக்கு நீள்கிறது என்று பாருங்கள். 11.5 செ.மீ. வரை நீண்டால், 20 செ.மீ. குழாய் 23 செ.மீ. வரைதான் விரியும், 31 செ.மீ. குதிகால் அதற்குள் எப்படிப் போகும்? ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினாலும் இந்த எட்டு சென்டிமீட்டர் இடைவெளி மூடாது.

இன்னும் ஒன்று. ‘பின் இழையில் மட்டும் பின்னினால் துணி இழுபடும்’ என்று பலரும் சொல்வார்கள். எந்தத் திசையில் இழுபடும் என்பதைச் சொல்லமாட்டார்கள். கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழைகளில் பின்னாலுள்ளதை மட்டும் எடுத்துப் பின்னும்போது, துணி விசிறிபோல் மடிப்பு மடிப்பாக வரும். அந்த மடிப்புகள் வரிக்குக் குறுக்கே, அதாவது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும் திசையில்தான் விரியும். ஆகவே பாதத்தைச் சுற்றிச் சுற்றி அப்படிப் பின்னினால் காலுறை நீளவாக்கில்தான் இழுபடுமே தவிர, உங்களுக்குத் தேவையான அகலவாக்கில் இழுபடாது. காலுறையின் வாயில் வரும் மேற்பட்டையை மட்டும் பக்கவாட்டில், வரிகள் காலின் நீளவாக்கில் ஓடும்படி பின்னுவதற்கு இதுவே காரணம்.

பதில் 2

மேலே சொன்ன கணக்கோடு முழுமையாக உடன்படுகிறேன். நூலையும் மாற்றத்தான் வேண்டும் என்பது என் கருத்து. டி.கே. நூலில் சிங்கிள் குரோஷே போட்டால் துணி தடித்துப்போய், வீட்டுக்குள் நடக்கலாமே தவிர, காலணிக்குள் நுழையாது. காலுறைக்கென்றே விற்கும் மெல்லிய நூலில் பெரும்பாலும் முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் இருக்கும். 100 கிராம் உருண்டையில் சுமார் 400 மீட்டர் வரும். கம்பளி இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும், நைலான் குதிகாலிலும் விரலடியிலும் தேய்மானத்தைத் தாங்கும். பருத்தி நூல் கைக்கு இதமாக இருந்தாலும், ஒரு முறை விரிந்தால் விரிந்ததுதான். மாலைக்குள் காலுறை கணுக்காலில் சுருண்டுகொள்ளும். நூலின் மேலுறையில் இயந்திரத்தில் துவைக்கலாம் என்ற குறி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் முதல் சலவையிலேயே கம்பளி சுருங்கித் தடித்துவிடும்.

ஊசியைப் பொறுத்தவரை, மெல்லிய நூலுக்கு 2.5 மி.மீ. முதல் 3.5 மி.மீ. வரை எதுவும் பொருந்தலாம். உங்கள் கை இறுக்கமான கை என்று தோன்றுகிறது, ஆகவே 3 மி.மீ.யில் தொடங்குங்கள். சிங்கிளுக்குப் பதில் ஹாஃப் டபுள் குரோஷே போடுங்கள். கண்ணி சற்று உயரமாக இருப்பதால் துணி வளைந்து கொடுக்கும். டபுள் குரோஷே இன்னும் நெகிழ்வாக இருக்கும்தான், ஆனால் கண்ணிகளுக்கிடையே விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுவதால் உள்ளங்காலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயர்களிலும் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கச் செய்முறைகளில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷ் செய்முறைகளில் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்க டபுள் அவர்களுக்கு ட்ரெபிள், அமெரிக்க ஹாஃப் டபுள் அவர்களுக்கு ஹாஃப் ட்ரெபிள். செய்முறையில் எங்காவது ‘சிங்கிள் குரோஷே’ என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. நான் என் முதல் காலுறையை இந்தக் குழப்பத்தில் ஒரு படி உயரம் தவறாகப் பின்னி, முழங்கால் வரை வந்துவிட்ட பிறகே விழித்துக்கொண்டேன்.

பதில் 3

இவ்வளவு கணக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. குதிகாலே வைக்காமல் ஒரே குழாயாகப் பின்னி, நுனியை மூடிவிட்டால் காலுறை ஆயிற்று. முதல் ஜோடிக்கு அதுவே போதும்; குழந்தைகளுக்கு நான் அப்படித்தான் பின்னுகிறேன்.

பதில் 1-இன் மறுமொழி

குழந்தைகளின் பாதத்திற்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. பெரியவர்களின் காலில், குதிகால் இல்லாத குழாய் கணுக்காலின் முன்மடிப்பில் கொத்தாகச் சுருங்கும். நிட்டிங் துணி மெல்லியது என்பதால் அந்தச் சுருக்கம் உறுத்தாது, குரோஷே துணியில் அது ஒரு கயிறுபோல் அழுத்தும். மேலும் குழாயாக இருந்தாலும் அது குதிகாலைத் தாண்டித்தானே ஏற வேண்டும்? மூலச் சிக்கல் அப்படியே இருக்கிறது.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. குதிகாலைச் சாய்வாக அளந்தேன்: சரியாக 31 செ.மீ. பழைய காலுறைத் துணியை அளவுகோலில் வைத்து இழுத்ததில் 10 செ.மீ. என்பது 11.5 செ.மீ.யைத் தாண்டவில்லை, நீங்கள் சொன்ன எண்ணே வந்தது. அதை முழுவதும் பிரித்துவிட்டேன். கம்பளி-நைலான் நூலும் 3 மி.மீ. ஊசியும் எடுத்து, ஹாஃப் டபுளில் ஒரு சிறு குழாய் பின்னிப் பார்த்தேன். 10 செ.மீ.க்கு 24 கண்ணிகளும் 16 சுற்றுகளும் வருகின்றன. இழுத்தால் 13 செ.மீ. வரை நீள்கிறது. பாதத்தின் நீளம் 24 செ.மீ. இந்த எண்களை வைத்துக்கொண்டு எத்தனை கண்ணியில் தொடங்குவது, குதிகாலை எங்கே வைப்பது என்று யாராவது வழிகாட்ட முடியுமா?

பதில் 1

மாதிரியைத் தட்டையாகப் பின்னாமல் குழாயாகவே பின்னியது நல்லதாயிற்று. வரி முடிவில் துணியைத் திருப்பித் திருப்பிப் பின்னும்போது வரும் அளவும், ஒரே முகமாகச் சுற்றும்போது வரும் அளவும் பெரும்பாலும் வேறுபடும்.

குரோஷேயில் பாதத்தைவிட ஐந்து விழுக்காடு குறைவாக வைத்தால் போதும், எனவே 22 செ.மீ. பாதத்திற்கு ஏறத்தாழ 21 செ.மீ. அது 50 கண்ணி. விரல் முனையில் நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டு போவது எளிது என்பதால் 52 என்று வைத்துக்கொள்வோம். 11 சங்கிலி (ஒன்றில் ஒன்று கோத்த எளிய வளையங்கள்) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி ஒரு பக்கம் 10 சிங்கிள், அப்படியே திரும்பி சங்கிலியின் அடிப்பக்கத்தில் 10 சிங்கிள் என்று முதல் சுற்றில் 20 கண்ணிகள் வரட்டும். அடுத்த சுற்றிலிருந்து ஹாஃப் டபுளுக்கு மாறி, இரு பக்கங்களிலும் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போடுங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு கூடும், எட்டுச் சுற்றில் 52 ஆகிவிடும். இந்த நிலையில் விரலில் மாட்டிப் பாருங்கள். சுண்டுவிரலும் உள்ளே வசதியாக அடங்கினால் சரி; இறுக்கினால், பிரிக்க வேண்டியது எட்டுச் சுற்றுதான்.

பிறகு கூட்டாமல் குறைக்காமல், விரல் முனையிலிருந்து 16 செ.மீ. நீளம் வரும் வரை சுற்றிக்கொண்டே போகலாம். காலுறையின் மொத்த நீளம் பாதத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக, 23 ஆக இருக்கட்டும். கடைசி 7 செ.மீ.யைக் குதிகால் எடுத்துக்கொள்ளும்.

இனி கணுக்கால் எத்தனை கண்ணி என்ற கேள்வி. 31 செ.மீ.யை, உங்கள் துணி நீளும் விகிதமான 1.3-ஆல் வகுத்தால் சுமார் 24 செ.மீ. வருகிறது, அது 58 கண்ணி. பாதத்தில் இருப்பதோ 52 தான். ஆகவே உள்ளங்கால் பக்கம் உள்ள 26 கண்ணிகளைத் தொடாமல் விட்டுவிட்டு, அவற்றின்மேல் பாலம் போட்டதுபோல் 26-க்குப் பதில் 32 சங்கிலி போட்டு, மறுமுனையில் இணையுங்கள். புறங்கால் பக்கத்து 26-உம் இந்த 32-உம் சேர்ந்து 58 ஆகிவிடும். சங்கிலியைத் தளர்வாகப் போட வேண்டும். இந்த ஒரு வரி இறுகினால் மேலே எவ்வளவு நெகிழ்வாகப் பின்னினாலும் குதிகால் அங்கேயே நின்றுவிடும். நான் அந்தச் சங்கிலிக்கு மட்டும் 4 மி.மீ. ஊசியை எடுத்துக்கொள்வது வழக்கம்.

அதன்மேல் மூன்று சுற்று ஹாஃப் டபுள் போட்ட பிறகு மேற்பட்டை. 13 சங்கிலி வெளிநோக்கிப் போட்டு, அதன்மீது 12 சிங்கிள் பின்னிக்கொண்டு காலுறையின் விளிம்புக்குத் திரும்பி வாருங்கள். விளிம்பில் அடுத்த இரண்டு கண்ணிகளில் ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாத இணைப்புக் கண்ணி) போட்டு இணைத்து, துணியைத் திருப்பி, பட்டையின் 12 கண்ணிகளிலும் பின் இழையில் மட்டும் பின்னிக்கொண்டு வெளியே போங்கள். ஒரு சங்கிலி போட்டுத் திரும்பி, அதேபோல் உள்ளே வாருங்கள். வளையம் முழுவதும் சுற்றி வந்ததும் பட்டையின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். இந்தப் பட்டை நன்றாக விரியும், விட்டதும் சுருங்கிக் கணுக்காலைப் பற்றிக்கொள்ளும். 58 கண்ணி கணுக்காலில் சற்றுத் தொளதொளப்பாகத் தெரிந்தாலும் பட்டை அதைச் சமாளித்துவிடும்.

குதிகாலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். திறப்பைச் சுற்றி, விட்ட 26 கண்ணிகளிலும் சங்கிலியின் அடிப்பக்கத்து 32-லும் புதிய நூலால் எடுத்து, முதல் சுற்றிலேயே சங்கிலிப் பக்கத்தில் ஆறைப் பரவலாகக் குறைத்து 52 ஆக்குங்கள். அடுத்த இரண்டு சுற்றுகளில் எதுவும் குறைக்க வேண்டாம். பல செய்முறைகள் இந்த வெறும் சுற்றுகளை விட்டுவிட்டு உடனே குறைக்கத் தொடங்குகின்றன. அதனால்தான் குதிகால் ஆழமில்லாமல், நடக்க நடக்கக் காலுறை பாதத்துக்கடியில் நழுவுகிறது. அதன்பின் விரல் முனையில் கூட்டியதுபோலவே இரு பக்கங்களிலும் சுற்றுக்கு நான்காக எட்டுச் சுற்று குறைத்து, மீதமுள்ள 20 கண்ணிகளை எதிரெதிராக வைத்துத் தைத்துவிடுங்கள். தையலை முடிச்சுப் போட்டு முடிக்காதீர்கள். நெல்மணி அளவு முடிச்சுகூட அரை மணி நேரம் நடந்தபின் கூழாங்கல்லாகத் தோன்றும். நூல் முனையைத் தையல் ஊசியில் கோத்து, மூன்று நான்கு முறை திசை மாற்றி உள்ளே செருகிவிட்டால் போதும்.

கேட்டவர்

முதல் காலுறை முடிந்தது, காலிலும் ஏறியது! குதிகால் கணுக்காலைத் தாண்டும்போது சிறிது அழுத்தம் தெரிகிறது, பிறகு சரியாக உட்கார்ந்துவிடுகிறது. குழாய் 24 செ.மீ. என்றதும் தொளதொளவென்று இருக்குமோ என்று பயந்தேன், பட்டை உண்மையிலேயே பிடித்துக்கொள்கிறது.

ஒரே ஒரு குறை. குதிகால் தொடங்கும் இரு மூலைகளிலும், சங்கிலி வந்து இணையும் இடத்தில், ஒரு துளை விழுந்திருக்கிறது. சுண்டுவிரல் நுழையும் அளவு. இரண்டாவது காலுறையில் இதை எப்படித் தவிர்ப்பது? இரண்டும் ஒரே அளவில் வருமா என்ற கவலையும் இருக்கிறது.

பதில் 2

அந்த மூலைத் துளை எல்லோருக்கும் விழுவதுதான். திறப்பைச் சுற்றி முதல் சுற்று போடும்போது, சங்கிலிக்கும் விட்ட கண்ணிகளுக்கும் நடுவே மூலையில் தளர்வாகத் தொங்கும் இழை ஒன்று தெரியும். அதை ஊசியால் தூக்கி, முறுக்கினாற்போல் எடுத்து, அதில் ஒரு கண்ணி கூடுதலாகப் போடுங்கள். இரு மூலைகளுக்கும் சேர்த்து இரண்டு கூடும். அடுத்த சுற்றில் அவற்றைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துக் குறைத்துவிட்டால் கணக்கு பழையபடி ஆகிவிடும். முடித்துவிட்ட காலுறையைப் பிரிக்கத் தேவையில்லை. அதே நூலின் ஒரு துண்டை உட்புறமாகத் தையல் ஊசியில் கோத்து, துளையைச் சுற்றியுள்ள நான்கைந்து இழைகளின் வழியாக வட்டமாக ஓட்டி இழுத்தால் மூடிக்கொள்ளும்.

இரண்டாவதைப் பொறுத்தவரை, தாமதிக்காமல் தொடங்குங்கள். கையின் இறுக்கம் நாளுக்கு நாள் மாறும். ஒரு மாதம் கழித்துப் பின்னினால் அதே 52 கண்ணி அரை சென்டிமீட்டர் வேறுபட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். நீளத்தை அளவு நாடாவால் ஒப்பிடாமல் சுற்றுகளை எண்ணி ஒப்பிடுங்கள், ஏனெனில் முதல் காலுறை ஏற்கெனவே காலில் ஏறிச் சிறிது இழுபட்டிருக்கும். உருண்டையை எடை போட்டுப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டால், மேற்பட்டையை எவ்வளவு உயரம் வரை கொண்டுபோகலாம் என்பதும் தெரிந்துவிடும். விரலிலிருந்து மேல்நோக்கிப் பின்னுவதில் உள்ள வசதியே நூல் தீரும் இடத்தில் பட்டையை நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான். குதிகாலுக்கு வேண்டிய நூலை மட்டும் முன்பே ஒதுக்கி வைத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், நீலக் காலுறைக்குப் பச்சைக் குதிகால் வைத்தேன்.

பதில் 3

குழாய்க் காலுறை போதும் என்று சொன்னவன் நான்தான். பளபளப்பான தரையில் நடப்பதாக இருந்தால், உள்ளங்கால் பக்கத்தில் வழுக்காத சிலிக்கோன் புள்ளிகளை வைத்து, ஒரு நாள் உலரவிட்ட பிறகே போடுங்கள். கம்பளிக் காலுறை மெழுகுபோல் வழுக்கும். அந்தக் குதிகாலை நானும் இந்த முறை முயன்று பார்க்கிறேன். 58 என்ற எண் எனக்கும் பொருந்துமா, அல்லது முதலில் துணியை இழுத்துத்தான் பார்க்க வேண்டுமா?

பதில் 1

இழுத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கையும் நூலும் வேறு.